கருவாட்டு வானுக்கு ரிலே பூட்டிய கதை

நம் வயதுக்காரர்களுக்கு இப்போது இது ஒரு வேலையாகிவிட்டது. யாராவது ஒருவர் பழைய வான் ஒன்றின் படத்தைப் போனில் அனுப்புவார். உடனே மற்றவர்கள் பெருமூச்சு விடத் தொடங்குவார்கள். "எங்கட வீட்டிலயும் இதே வான்தான்", "இதில ஏறி மடுவுக்குப் போன சந்தோசம் இனி வருமோ" என்று வரிசையாக வரும். பிறகு கைகூப்புகிற படம், அழுகிற படம், பூப் படம். நானும் உங்களோடு ஒரே பள்ளிக்கூடத்துக்குப் போனவள், உங்களைப் போலவே அந்தத் தெருப் புழுதியைத் தின்றவள். ஆனால் அந்தப் படத்தைக் கண்டால் எனக்குப் பெருமூச்சு வராது. குமட்டிக்கொண்டு ஓங்காளம்தான் வரும். நீ மட்டும் ஏன் ஒன்றும் எழுதுவதில்லை என்று போன கிழமையும் ஒருத்தி கேட்டிருந்தாள். கேட்டுவிட்டீர்கள், இனி இருந்து வாசியுங்கள். இடையில் எழும்பிப் போகக்கூடாது.

முதலில் நாற்றத்தைச் சொல்கிறேன். அப்பா அந்த வானை வாங்கியதே கருவாடு ஏற்றத்தான். ஓலைத்தொடுவாய்க் கரையில் காயப்போட்டதைச் சாக்குகளில் கட்டி மன்னார்ப் பட்டினத்துக்குக் கொண்டுபோய்ப் போடுவார். திரும்பி வரும்போது சீற்றுகளைப் பூட்டி ஆட்களை ஏற்றுவார். சாக்குகளிலிருந்து வடிந்த உப்புத் தண்ணீர் தகரத்தில் ஊறி, மேலே விரித்திருந்த ரப்பர் விரிப்பின் கீழே தேங்கி, வெயிலில் காய்ந்து, அடுத்த சவாரியில் மறுபடி ஊறும். விரிப்பின் ஓரத்தைத் தூக்கினால் பழுப்பு நிறத்தில் ஒரு களியும் அதற்குள் வெள்ளைப் புழுக்களும் இருக்கும். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்த ஓரத்தைத் தூக்கிப் பார்த்ததே கிடையாது. அதன்மேல் ஒரு பாயைப் போட்டு, பாயில் பவுடர் தூவி, மாதா படத்துக்கு முன்னால் ஊதுபத்தி கொளுத்திவிட்டு, "இப்ப மணக்குதில்லைத்தானே?" என்று அப்பா எங்களைக் கேட்பார். இல்லை என்று நாங்கள் சொல்லவேண்டும். நாங்களும் மூக்கால் மூச்சு விடாமல், இல்லை என்றே சொல்வோம்.

நாட்டில் சண்டையும் பிரச்சினைகளும் தொடங்குவதற்கு முந்திய காலம் அது. வெளிநாட்டு வான்கள் நாட்டுக்குள் வந்து குவிந்த நேரம். எங்களுடையது பெற்றோல் வான். ஒருநாள் அது புகை கக்கிக்கொண்டு தெருவில் நின்றது, நின்றதுதான். கவிழ்ந்துபோன ஒரு சின்ன லொறியின் டீசல் என்ஜினை அப்பாவும் மாமாவும் எங்கேயோ தேடிப் பிடித்துக் கொண்டுவந்து எங்கள் வீட்டு வளவில் இறக்கினார்கள். அதைத்தான் வானுக்குள் வைக்கப்போகிறார்கள் என்றார்கள். அந்தப் பள்ளிக்கூட விடுமுறை முழுவதும் வளவில் சம்மட்டிச் சத்தமும் டீசல் நாற்றமும் மாமாவின் வாயும்தான்.

மாமா என்றால் அம்மாவுக்குத் தம்பி, சின்னம்மாவுக்கு அண்ணன். கொழும்பில் ஒரு கராஜில் கொஞ்சக் காலம் நின்றவர். அங்கே என்ன வேலை செய்தார் என்று எவருக்கும் தெரியாது. திரும்பி வந்த நாளிலிருந்து "கொழும்பில இப்பிடிச் செய்யமாட்டாங்கள்" என்பதைத் தவிர அவருடைய வாயில் வேறு பேச்சு இல்லை. மீன் குழம்பு வைப்பதற்கும் அதைத்தான் சொல்வார்.

என்ஜின் ஒருவழியாக உள்ளே போனது. பிறகு வயறிங். இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், விளங்காதது ஒன்றுமில்லை. எனக்கு வந்து வாய்த்த மனிதரும் வாகன வயறிங்காரர்தான். சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்தும் அதையே கதைத்துக் கதைத்து எனக்கும் பழக்கிவிட்டார். அந்த டீசல் என்ஜினை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் உள்ளே ஒரு ஹீற்றர் சூடாகவேண்டும். சாவியை அரைவாசி திருப்பிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்து, பிறகுதான் முழுதாகத் திருப்பவேண்டும். ஹீற்றரும் ஸ்டார்ட்டரும் கரண்டை மடமடவென்று குடிக்கும். அவ்வளவு கரண்டும் அந்தச் சின்னச் சாவி சுவிச்சுக்குள்ளால் போனால் சுவிச் உருகிவிடும். அதற்காகத்தான் நடுவில் ரிலே என்று ஒரு சின்னப் பெட்டி வைப்பார்கள். சாவி சிறு கரண்டில் ரிலேக்குச் சொல்லும், ரிலே தடித்த வயரால் பற்றறியிலிருந்து பெருங்கரண்டை எடுத்து அனுப்பும். இவ்வளவுதான் விசயம்.

லொறி என்ஜினோடு அந்த ரிலேயும் வந்திருந்தது. மாமா அதைப் பிடுங்கித் தூக்கி எறிந்தார்.

"உது லொறிக்குப் பூட்டுறது. வானுக்கு என்னத்துக்கு? நேரடியாக் குடுத்தா இன்னும் நல்லாப் பாயும்" என்றார். அப்பா தலையாட்டினார். தனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பதை அப்பா எப்போதும் தலையாட்டித்தான் மறைப்பார்.

வீட்டுக்கு லைற் இழுத்தபோது மிஞ்சிய மெல்லிய வயரைத்தான் மாமா வானுக்கும் இழுத்தார். அந்த வயர்ச் சுருளில் ஒரு முழத்தை வளவுக்குள் வந்த கழுதை ஒன்று சப்பித் துப்பியிருந்தது. அதையும் துடைத்து எடுத்துக்கொண்டார். ஒட்டுகிற ரேப் முடிந்துபோனதும், அப்பாவின் காலில் புண்ணுக்கு ஒட்டி உரித்துப் போட்ட பிளாஸ்ரரைக் கொண்டுவந்து மூட்டில் சுற்றினார். சீ, இப்போது எழுதும்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. எறிந்த ரிலேயை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். ஒரு பக்கம் தட்டையாக இருந்ததால் பொம்மைச் சட்டைக்கு இஸ்திரிக்கை போட அது நல்ல வசதியாக இருந்தது.

இன்னொரு கூத்தும் இருந்தது. பெற்றோல் வானில் சாவியை மூடினால் என்ஜின் நிற்கும். இந்த டீசல் என்ஜின் சாவியைக் கழற்றி எடுத்தாலும் தன்பாட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். நிறுத்துவதற்கு என்ஜினில் ஒரு சின்ன நெம்பு உண்டு, அதை இழுக்கவேண்டும். மாமா அந்த நெம்பில் தங்கூசியைக் கட்டினார். தூண்டில் போடுகிற அதே நைலோன் நூல்தான். ஓட்டை ஒன்றால் அதை வெளியே எடுத்து அப்பாவின் முழங்காலடியில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டார். இது வெளியே தெரிந்தால் சனம் ஏறாது என்று அப்பாவுக்குப் பயம். வானை நிறுத்தும்போது ஒரு கையால் எல்லோருக்கும் தெரியச் சாவியைத் திருப்புவார், மற்றக் கையால் கள்ளமாகத் தங்கூசியை இழுப்பார். வீட்டில் எங்களுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது. பெரிய மாமிக்கும் தெரியாது.

பெரிய மாமி அப்பாவின் அக்கா, விதவை. பக்கத்து வளவில் இருந்தார், ஆனால் எங்கள் வீட்டில்தான் ஆட்சி. வேதக்காரரான எங்களுக்குத் துடக்கு, தீட்டு ஒன்றும் கிடையாது என்று பங்குச் சுவாமி கோயிலில் பிரசங்கம் வைத்திருக்கிறார். பிரசங்கம் முடிந்து வீட்டுக்கு வந்தால் பெரிய மாமிதான் எங்களுக்குச் சுவாமி. மாதத்தில் எந்த நாளில் எவள் கிணற்றடிக்குப் போகலாம், எவள் மாதா சுரூபத்தைத் தொடலாம் என்பதெல்லாம் அவருடைய கணக்கு.

இனிச் சின்னம்மா. தாய் தகப்பன் செத்தபிறகு எங்களோடு இருந்தவள். விஞ்ஞானம் படித்துப் பாஸ் பண்ணி, அந்த விடுமுறையில்தான் எங்கள் தீவின் பாலத்துக்கு அப்பால் இலுப்பைக்கடவைப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ரீச்சர் வேலை கிடைத்திருந்தது. தவணை தொடங்குகிற திங்கட்கிழமை காலையில் அங்கே போய் நிற்கவேண்டும். அங்கேயே தலைமை ரீச்சரின் வீட்டில் ஓர் அறையும் பேசியாகிவிட்டது. அப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். வானில் தானே கொண்டுபோய் விடுவார், வானில் தானே கூட்டிவருவார். "குமர்ப்பிள்ளை பஸ்ஸில தனியப் போறதெண்டால் இந்த வீட்டில இருந்து போகேலாது." சின்னம்மா அதற்கும் சம்மதித்தாள். புதுச் சேலைகளை மடிப்பதும் பிரிப்பதும் திரும்ப மடிப்பதுமாக இருந்தாள். அவ்வளவு சந்தோசமாக எங்கள் வீட்டில் அதற்கு முன் எவரும் இருந்து நான் பார்த்ததில்லை.

வான் ஓடத் தொடங்கியதும் கருவாட்டு நாற்றத்தோடு புது நாற்றம் ஒன்றும் சேர்ந்தது. பிளாஸ்ரிக் தீய்கிற நாற்றம். சின்னம்மாதான் முதலில் பிடித்தாள். சாவியை அரைவாசி திருப்பிப் பிடிக்கும்போதுதான் அது வருகிறது என்பதையும் அவள்தான் கண்டுபிடித்தாள்.

"அண்ணா, அந்த மெல்லிய வயரால அவ்வளவு கரண்ட் போனா சூடாகும்தானே? அந்தப் பெட்டியை ஏன் எறிஞ்சனீங்கள்?" என்று கேட்டாள்.

"ஓமோம், ரீச்சரம்மா வந்திட்டா. போய்க் கறிக்கு உப்புப் போடு. கொழும்பில நாங்கள் பாக்காத வயறிங்கே?"

அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன், ஏனென்றால் அப்பா சிரித்தார்.

புது என்ஜினோடு முதல் தூரப் பயணம் மடு மாதா கோயிலுக்குத்தான் என்று அம்மா நேர்த்தி வைத்திருந்தாள். திருவிழாவுக்கு முன்னால் ஒருநாள் விடிய எல்லோரும் ஏறினோம். அப்பா, மாமா, அம்மா, பெரிய மாமி, சின்னம்மா, நான், இன்னும் அக்கம்பக்கத்துப் பெண்கள், மடியில் குழந்தைகள். பாலத்தைத் தாண்டும்போது செபமாலை தொடங்கியது. என்ஜின் எங்கள் காலடியில் கொதித்தது. எண்ணெய் வைத்த தலைகள், கருவாடு, ஊதுபத்தி, யாரோ ஒரு குழந்தையின் மூத்திரம். அதற்குள்ளே, "அருள் நிறைந்த மரியே".

மடுவுக்குப் போகும் காட்டுப் பாதையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினார்கள். குடித்து முடித்து மறுபடி ஏறினோம். என்ஜின் சூடாகவே இருந்தது, ஹீற்றர் தேவையே இல்லை. மாமா விடவில்லை.

"பிடியுங்கோ அத்தான், இன்னும் பிடியுங்கோ. கொழும்பில அப்பிடித்தான்."

அப்பா பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு முழுதாகத் திருப்பினார். என்ஜின் ஸ்டார்ட் வந்தது, ஆனால் ஸ்டார்ட்டர் நிற்கவில்லை. கிர்ர்ர் என்று அலறிக்கொண்டே இருந்தது. ஸ்ரியறிங்குக்குக் கீழே கறுப்புப் புகை எழும்பி, ஒரு நெருப்பு நாக்கும் தெரிந்தது. உருகிய பிளாஸ்ரிக் அப்பாவின் காலில் சொட்ட, அவர் "ஐயோ அம்மாளே" என்று சாவியைப் பிடுங்கி எடுத்தார். வயர் எரிந்து அறுந்ததும் கிர்ர் நின்றது. என்ஜின் நிற்கவில்லை. சாவி அப்பாவின் கையில், வான் ஓடிக்கொண்டிருக்கிறது. மாமா பாய்ந்து தங்கூசியை இழுத்தார். அது உருகிய நுனியோடு முழுதாக அவருடைய கையில் வந்துவிட்டது. பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் விழுந்து இறங்கினார்கள். கடைசியில் அப்பா பிரேக்கை மிதித்தபடி கியரைப் போட, வான் ஒரு துள்ளுத் துள்ளிச் செத்தது. மண்ணை அள்ளிப் போட்டு நெருப்பை அணைத்தார்கள்.

எவருக்கும் பெரிய காயமில்லை. மாதா காப்பாற்றினா என்று சொல்லிவிட்டு விட்டிருக்கலாம். பெரிய மாமி விடவில்லை. நடுத் தெருவில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"சாவி வெளிய கிடக்குது, வான் ஓடுது. என்ர கண்ணால பாத்தனான். இது சும்மா வந்த நெருப்பில்லை. ஆர் துடக்கோட ஏறினது?"

பெண்கள் எல்லோரும் குனிந்தார்கள். எனக்கு அந்தச் சொல் அரைகுறையாகத்தான் விளங்கியது. சின்னம்மா மட்டும் நிமிர்ந்து நின்றாள்.

"நான்தான் மச்சாள். நேற்று வந்தது. அதுக்கும் வயருக்கும் என்ன? வயர் மெல்லிசு, எரிஞ்சுபோச்சு."

அவள் சொன்னதில் 'நான்தான்' மட்டும்தான் அந்தக் கூட்டத்தின் காதில் விழுந்தது. பிறகு அவள் என்ன சொன்னாள் என்று கேட்க அங்கே ஒரு காது மிஞ்சவில்லை. நான் மாமாவைப் பார்த்தேன். நெருப்பு எழும்பியதிலிருந்து வெளிறிப்போயிருந்த முகத்தில் மெல்ல இரத்தம் வந்தது. அவர் தேங்காய்ச் சிரட்டையால் மண்ணை அள்ளி, அணைந்த நெருப்பின்மேலேயே போட்டுக்கொண்டிருந்தார். அப்போது எனக்கு அது விளங்கவில்லை. இப்போது நினைத்தால் காறித் துப்பவேண்டும் போல இருக்கிறது. அப்பாவுக்கும் அந்தப் பழி வசதியாகப் போயிற்று. சாவி இல்லாமல் வான் ஏன் ஓடியது என்பதற்கு அவர் இனி எவருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

ஓர் உழவு இயந்திரம் கயிறு கட்டி வானை இழுத்துக்கொண்டு வந்தது. நேர்த்தி முறிந்துபோயிற்று என்று அம்மா வழி முழுக்க அழுதாள். வீட்டு முற்றத்தில் வைத்து அப்பா தீர்ப்புச் சொன்னார்.

"இனி அவள் இந்த வானில ஏறக்கூடாது."

"அப்ப நான் பஸ்ஸில போறன் அத்தான்" என்றாள் சின்னம்மா.

"பஸ்ஸுக்கு நான் என்ன சொன்னனான்?"

"அப்ப எப்பிடிப் போறது?"

அப்பா கால் கழுவப் போய்விட்டார். வேலை போயிற்று என்பதை அந்த வீட்டில் எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நடுத் தெருவில் நின்று துடக்கைப் பற்றி வாய் கிழியக் கத்தத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்ல மட்டும் வாயில்லை.

அடுத்த நாள் பெரிய மாமி வானைத் தீட்டுக் கழித்தார். சின்னம்மா இருந்த சீற்றை மட்டும் கழற்றச் சொல்லி, மஞ்சள் தண்ணீரால் கழுவி, தீர்த்தம் தெளித்து, வெயிலில் வைத்தார். சீற்று நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே ரப்பர் விரிப்பு சுருண்டு கிடந்தது. புழுக்கள் வெளியே வந்து நெளிந்தன. மாமி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவற்றைத் தாண்டிப் போனார். நண்பர்களே, நான் மறந்துபோன சங்கதிகள் எத்தனையோ. இதை மட்டும் மறக்க முடியவில்லை. சுத்தமான ஒரு பெண் இருந்த சீற்றைக் கழுவிவிட்டு, புழுவை அப்படியே விட்டுப் போன அந்தக் கால்களை இப்போதும் எனக்கு அடையாளம் காட்டமுடியும்.

அன்றைக்கே பின்னேரம் மாமா என்னைத் தேடிக்கொண்டு வந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"எடியேய், அந்தப் பெட்டி எங்க? அண்டைக்கு எறிஞ்சன், அது."

பொம்மைச் சாமான்களுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "ஒருத்தருக்கும் சொல்லாத" என்றார். ஆனால் சின்னம்மா வாசலில் நின்றாள்.

"அண்ணா, அப்ப உங்களுக்குத் தெரியும்" என்றாள். சத்தம் போடவில்லை. "அத்தானிட்ட ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. வயறிங் பிழை எண்டு சொல்லுங்கோ. அவ்வளவுதான்."

"சொல்லுவன், சொல்லுவன். கொஞ்சம் ஆறட்டும்."

"திங்கக்கிழமை நான் அங்க நிக்கவேணும்."

"சொல்லுறன் எண்டு சொன்னனானே" என்று எரிந்து விழுந்துவிட்டுப் போனார்.

புதுச் சாவி சுவிச், தடித்த வயர், ரிலே எல்லாம் வந்தன. தங்கூசிக்குப் பதிலாகக் கம்பி வந்தது. மாமா வளவின் பின்பக்கத்தில் தனியே இருந்து பூட்டினார். பிளாஸ்ரிக் நாற்றம் அதோடு போயிற்று. அப்பாவிடம் அந்த ஒரு சொல்லை மட்டும் அவர் சொல்லவேயில்லை. காலையில் சின்னம்மா அவரைப் பார்ப்பாள், அவர் தேத்தண்ணியைப் பார்ப்பார். மத்தியானம் பார்ப்பாள், அவர் மீன் முள்ளைப் பார்ப்பார். அம்மாவுக்கும் எல்லாம் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். தம்பியையும் தங்கையையும் நடுவில் வைத்துக்கொண்டு அவள் அரிசியில் கல் பொறுக்கினாள்.

முறிந்த நேர்த்தியை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய மறுபடி தொடங்குவதாக முடிவானது. சுவாமி கோயில் முற்றத்தில் வைத்து வானை மந்திரிப்பார், அங்கிருந்தே நேராக மடுவுக்குப் போவது. அடுத்த நாள்தான் சின்னம்மாவின் திங்கட்கிழமை. அவளை வீட்டில் நிற்கச் சொல்லியிருந்தார்கள்.

வானுக்கு மாலை போட்டிருந்தார்கள். பூசைக்கு வந்த சனம் முழுக்கச் சுற்றி நின்றது. சுவாமி தீர்த்தச் செம்போடு வந்து புத்தகத்தைத் திறக்கும் நேரம் சின்னம்மா வந்தாள். கையில் உடுப்புப் பை. சனம் அவளுக்கு இடம் விட்டு ஒதுங்கியது. மரியாதைக்கு ஒதுங்கவில்லை, சேலை முட்டிவிடும் என்று ஒதுங்கியது.

"சுவாமி, ஒரு நிமிசம். அண்ணா புதுசா ஒரு பெட்டி பூட்டியிருக்கிறார். அது என்னத்துக்கெண்டு கேளுங்கோ."

சுவாமி குனிந்து ஸ்ரியறிங்குக்குக் கீழே பார்த்தார். "என்ன தம்பி இது?"

மாமா வானின் மாலையைச் சரிசெய்தார். "அது… அது ஹோனுக்குப் பூட்டினது சுவாமி."

தீர்த்தச் செம்புக்கு முன்னால் நின்று சொன்னார், வெக்கம் கெட்ட மனிசன்.

"ஹோனுக்கெண்டா, அதைக் கழட்டினாலும் வான் ஸ்டார்ட் வரும்தானே?" என்றாள் சின்னம்மா. "கழட்டிப்போட்டு ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொல்லுங்கோ."

சுவாமிக்கு அது நியாயமாகப் பட்டிருக்கவேண்டும். "கழட்டும் தம்பி, பாப்பம்" என்றார். அத்தனை பேருக்கு முன்னால் மாட்டேன் என்று மாமாவால் சொல்லமுடியவில்லை. ரிலேயைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அப்பா சாவியைத் திருப்பினார். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி திருப்பினார். இல்லை. பதற்றத்தில் அவருடைய கை ஹோனில் பட்டது. ஹோன் 'பாம்' என்று ஊருக்கே கேட்க அடித்தது.

எனக்கு நெஞ்சு துள்ளியது. சின்னப்பிள்ளை எனக்கே விளங்கிவிட்டது, இவ்வளவு பெரியவர்களுக்கு விளங்காதா? மாமா பொய் சொன்னார், நெருப்பு அந்தப் பெட்டி இல்லாததால் வந்தது, சின்னம்மா வேலைக்குப் போகிறாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் விளங்கியிருந்தது. ஐயமேயில்லை, விளங்கியிருந்தது.

பெரிய மாமிதான் வாயைத் திறந்தார்.

"பாத்தியளே? அவள் கிட்ட வந்து நிண்டாலே வான் ஸ்டார்ட் வருகுதில்லை!"

"ஓம்" என்றது ஒரு குரல். "ஓமோம்" என்றது இன்னொன்று. ஒருத்தி சிலுவை அடையாளம் போட்டாள். நான் சுவாமியைப் பார்த்தேன். அவர் புத்தகத்தில் விரலை வைத்தபடி, "சரி சரி, நேரமாகுது" என்றார். மாமா கையிலிருந்த ரிலேயை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

"நீ அங்கால போ" என்றார் அப்பா.

"எங்க போறது அத்தான்?"

"எங்கயாவது போ! முதல்ல வான் ஸ்டார்ட் வரட்டும்."

"கோயில் வாசலில நிண்டாலும் சரிவராது" என்றார் பெரிய மாமி. "தூரப் போகச் சொல்லு தம்பி. கண்ணில படாத தூரத்துக்குப் போகட்டும்."

சின்னம்மா பையைத் தூக்கித் தோளில் போட்டாள்.

"சுவாமி, நீங்களும் கேட்டியள்தானே? அத்தான் போகச் சொல்லிப்போட்டார். அப்ப நான் பஸ்ஸில போறன்."

அப்பாவின் வாய் திறந்தது. சுவாமி நிற்கிறார், ஊர் நிற்கிறது, வான் ஸ்டார்ட் வராமல் நிற்கிறது. வாய் மூடியது. அம்மா மட்டும் வானுக்குள் கையை விட்டு, எங்களுக்குக் கட்டியிருந்த சோற்றுப் பார்சலில் ஒன்றை எடுத்து, எவருடைய முகத்தையும் பார்க்காமல் சின்னம்மாவின் பைக்குள் திணித்தாள். அந்த விடுமுறை முழுவதற்கும் அம்மா செய்தது அது ஒன்றுதான். சின்னம்மா பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள். வேகமாக நடக்கவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

அவள் தெரு முடக்கில் மறைந்ததும் மாமா ஸ்ரியறிங்குக்குக் கீழே குனிந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கத்தான் குனிந்தார். அந்தப் பெட்டியைத் திரும்பவும் அதன் இடத்தில் குத்தினார். எவரும் அதைக் காணவில்லை. காணாமல் இருப்பதில் எங்கள் சனத்தை வெல்ல ஆளில்லை. அப்பா சாவியைத் திருப்பினார், என்ஜின் உறுமிக்கொண்டு எழும்பியது.

"மருதமடுத் தாயே!" என்று முற்றம் முழுக்கக் கத்தியது. பெரிய மாமி கன்னத்தில் தண்ணீர் வழியக் கைகூப்பினார். மாமாவின் தோளில் இரண்டு பேர் தட்டினார்கள். சுவாமி தீர்த்தம் தெளித்தார்.

என்னைத் தூக்கிச் சின்னம்மாவின் சீற்றில் இருத்தினார்கள். கழுவிக் கழுவி அதன் பஞ்சு இன்னும் காயவில்லை. மஞ்சளும் ஊறிய பஞ்சும் கீழேயிருந்து எழும்பிய பழைய கருவாட்டுத் தண்ணீரும் ஒன்றாக மூக்கில் ஏறின. பக்கத்தில் பெரிய மாமி செபமாலையைத் தொடங்கினார். மாமா முன் சீற்றில் இருந்து, "கொழும்பில இப்பிடித்தான், ஒருக்காப் பிடிச்சா ஒரேயடியா ஓடும்" என்று அப்பாவுக்குச் சொன்னார். அப்பா தலையாட்டினார். எனக்கு ஓங்காளம் வந்தது. அடக்கிப் பார்த்தேன், அடக்க முடியவில்லை. பெரிய மாமியின் கோயில் சேலை மடியில், செபமாலைக்கு மேலேயே சத்தி எடுத்துவிட்டேன்.

"ஐயோ, அவள் இருந்த சீற்றில பிள்ளையை ஆர் இருத்தினது?" என்று மாமி கத்தினார்.

எல்லோரும் ஓம் ஓம் என்றார்கள். அதற்கும் சின்னம்மாதான் காரணம் என்றாயிற்று. அவளுடைய பஸ் அப்போது பாலத்தைத் தாண்டியிருக்கும்.